பிளாஸ்டரைக் கழற்றிய பிறகு



தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் வேலூரில் தசைநாண் மாற்று ஆபரேஷனைத் தொடங்கினார். கத்தியின் வேலை சில மணி நேரந்தான். சுமார் 3 வாரம் கழித்துப் பிளாஸ்டரைக் கழற்றும்போதே பாடு ஆரம்பமாகிறது. நேற்றுவரை விரலை மடக்கிய தசை இனி அதை நீட்ட உதவ வேண்டும். கையிலோ உணர்ச்சி இல்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே பழக வேண்டும். "நடுவிரலை மடக்குவதாக நினையுங்கள், ஐயா" என்பார் பிசியோதெரபிஸ்ட். நினைத்தால் நான்கு விரல்களும் நீளும்! ஆனால் முதல் நாளிலேயே அல்ல.

இப்பயிற்சி மேலும் சில வாரங்கள் நீடிக்கும். அதுவரை கூலி கிடையாது. பாதியில் ஊருக்குக் கிளம்புகிறவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆபரேஷனுக்கென்றே காணிக்கை அனுப்புகிறவர்கள், அவர் வீட்டு அரிசிக்கும் பஸ் செலவுக்கும் சிறிது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.