லேமினேட் பலகைக்கு முன் அடித்தரையைப் பாருங்கள்

சமையலறைக்கு லேமினேட் தரை போடத் தீர்மானித்தவர்கள் கடையில் கேட்பதெல்லாம் பலகையைப் பற்றித்தான்: என்ன நிறம், எத்தனை மில்லிமீட்டர் கனம், எத்தனை வருட வாரண்டி. அது எந்தத் தரைமேல் உட்காரப் போகிறது என்ற பேச்சு எழுவதே அபூர்வம். ஓரம் உப்புகிறது, இணைப்பு வாய் பிளக்கிறது, நடந்தால் சத்தம் வருகிறது என்று பின்னால் எழும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால் பல சமயம் அடித்தரையில்தான் போய் நிற்கும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பலகையில் ஒரு படி இறங்கி வாங்கலாம். தரையைத் தயார் செய்வதில் மட்டும் கைவைக்கக் கூடாது.

லேமினேட்டின் உடலமைப்பே இதற்குக் காரணம். 1977-இல் ஸ்வீடனில் உருவான இந்தப் பலகையின் நடுப்பகுதி, மரநாரைப் பிசினோடு சேர்த்து இறுக அழுத்தியது. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கும் மேல் கீறல் தாங்கும் மெலமைன் பூச்சு. தண்ணீர் நடுப்பகுதிக்குள் இறங்கினால் நார் ஊதும். காய்ந்தாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. டைல்ஸைப் போல இதைச் சிமென்ட் வைத்து ஒட்டுவதும் இல்லை. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் பூட்டிக்கொள்ள, மொத்தத் தரையும் ஒரே விரிப்பாக அடித்தரைமேல் ஒட்டாமல் கிடக்கிறது. அடியில் பள்ளம் இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் பலகை இறங்கி ஏறும். மெல்லிய அந்த நாக்கு இதை எத்தனை மாதம் தாங்கும்?

நம் சமையலறைகளில் இந்தப் பள்ளம் தற்செயலாக வருவதல்ல. பழைய வீடுகளில் கழுவிவிடும் தண்ணீர் ஓட வேண்டும் என்று நஹானி ட்ராப்பை (தண்ணீர் வெளியேறும் தரைத் துளையை) நோக்கி வாட்டம் வைத்தே கொத்தனார் தரை போட்டிருப்பார். சீரான லேசான வாட்டத்தால் பெரிய கெடுதல் இல்லை. ட்ராப்பைச் சுற்றித் தரை கிண்ணம்போல் குழிவதுதான் சிக்கல். 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் வைத்து, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேலை இருக்கிறது என்று பொருள். மேட்டை கிரைண்டரால் தேய்த்து இறக்க வேண்டும். பள்ளத்தில் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்ற வேண்டும். அதற்கு முன் அடுப்படியில் வருடக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் கலவை பிடிக்காமல் பெயர்ந்து வரும். பழைய டைல்ஸ் முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. காசால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பதை மட்டும் எடுத்து நிரப்பினால் போதும். பலகைக்கு அடியில் கனமான ஃபோம் விரித்தால் மேடுபள்ளம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. மெத்தென்ற ஃபோம் அசைவைக் கூட்டி, பூட்டை இன்னும் சீக்கிரம் உடைக்கும்.

வாட்டர்ப்ரூஃப் பலகை வந்துவிட்டதே, பிறகு ஈரத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உறுதிமொழி பெரும்பாலும் மேலே சிந்தும் தண்ணீருக்கு, அதுவும் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் துடைத்தால் செல்லும். தரைத்தளத்து வீட்டில் மண்ணிலிருந்து சிமென்ட் வழியே ஏறும் ஈரமோ, புதுத் தளத்திலேயே தங்கிய தண்ணீரோ அந்தக் கணக்கில் வராது. தண்ணீர் கட்டி ஆற்றிய தளத்தைக் காய்ந்த தளம் என்று எண்ணுவதும் பிழை. ஆற்றுவது சிமென்ட்டின் பலத்துக்காக. காய்வது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சுமாராக நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டாலும் 50 மில்லிமீட்டர் தளத்துக்கு 50 நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். சிமென்ட் தரையில் ஒன்றரை அடிச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்தாலோ தரை கறுத்தாலோ பலகை போடும் நேரம் இன்னும் வரவில்லை. காய்ந்த தரையிலும் 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டிய பிறகே ஃபோம் வர வேண்டும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடம் விடுவதும், பலகைகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்திருப்பதும் வேலையாட்களுக்குத் தெரிந்தவைதான். அவசரத்தில் விட்டுவிடாமல் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நாளும் பணமும் கூடுதலாகும் என்பது உண்மை. ஆனால் அறையின் நடுவில் ஒரு பலகை உப்பினால், அதை முறையாக மாற்றச் சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அலமாரிகளை அதன்மேலேயே நிறுத்தியிருந்தால் அவற்றையும் நகர்த்த வேண்டும். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட முடியாத வீடுகளுக்கு லேமினேட் வேண்டவே வேண்டாம், டைல்ஸே சரி. மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள்: வீட்டுக்கு வந்து மட்டப்பலகை வைத்துப் பார்க்காமல், சதுர அடி விலையை மட்டும் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.