பிறந்த பிள்ளைக்கு எந்தத் தண்ணீர்?

பல வருடம் ஆள் புழங்காத கிணற்றில் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மலசலகூடக் கழிவும் செத்த உயிரினங்களும் கலந்திருக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து உறுதி சொல்லாத கிணற்றில் இறங்கவே வேண்டாம். உறுதியான பின் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள்.

பெரியவர்களுக்கு வயிற்றோட்டத்தோடு போகும் கிருமி, பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் கலந்தால் சில மணித்தியாலங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். வெட்டிய தொப்புள்கொடி கிருமிக்குத் திறந்த வாசல்.

ஆகவே பிறந்தவுடன் குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள். குறைந்தது 24 மணித்தியாலம் பொறுங்கள். உடம்பில் படிந்திருக்கும் வெண்பசை அழுக்கல்ல, தோலுக்குக் காவல். சுத்தமான துவாயால் துடைத்து, தாயின் நெஞ்சோடு வெறும் மேனியாக அணைத்துப் போர்த்திவிடுங்கள். துடக்கு என்று மூத்தவர்கள் அவசரப்படுத்தினால், தாய் குளிக்கட்டும், பிள்ளை பொறுக்கட்டும்.

குளிக்க வார்க்கும் நீரைக் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிடுங்கள். சூடு தணிக்க வாளியிலிருந்து பச்சைத் தண்ணீர் கலப்பது நம் வீடுகளில் வழக்கம். கலந்தால் விறகு எரித்ததுதான் மிச்சம். முதல்நாளே ஒரு பானை நீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டால், மறுநாள் சுடுநீரோடு அதையே கலக்கலாம். பிள்ளையைத் தூக்குமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய், திருநீறு எதுவும் வைக்க வேண்டாம். வைத்தியர் மருந்து தராவிட்டால், காயவிடுவதே மருந்து. அழுக்குப் பட்டால் ஏற்புவலிக் கிருமி புகக்கூடும். கர்ப்பகாலத்தில் தாய் ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருந்தால் பிள்ளைக்கும் அந்தக் காப்பு உண்டு. முகாமில் போட்ட ஊசியின் அட்டை தொலைந்திருந்தால் புது ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, பேரையும் பதிந்துகொள்ளுங்கள்.

சீனித்தண்ணீரோ கொதித்தாறிய நீரோ பிள்ளைக்குப் பருக்க வேண்டாம். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பாலே போதும்.

பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இராமல் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரவில் யாரிடம் வாகனம் கேட்பது என்பதை இப்போதே அயலாரோடு பேசி வையுங்கள்.