வீடும் விடுதலையும்: புத்தளக் கரையோரப் பெண்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமாகிய உடப்பு, திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடி மாதத் தீமிதிப்பினாற் பெயர் பெற்றது. அங்கு கூடுவோர் அனைவரும் அறிந்த பாரதக் கதையிலே, சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதை முதலிற் கேட்பது இரக்கமன்று. ஒரு சட்ட வினாவையே அவள் எழுப்புகின்றாள். முன்னரே தன்னைத் தோற்றுவிட்ட ஒருவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்பதே அவ்வினா. வீட்டுமன் முதலாய மூத்தோர் அதற்கு நேரான விடை தரவில்லை. மணவுறவினுள்ளே ஓர் உடைமையுறவு மறைந்து நிற்கின்றது என்பதை அவ்வினா வெளிப்படுத்துகின்றது.

துன்புறுத்தும் கணவனை விட்டுப் பெண் ஏன் வெளியேறுவதில்லை என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதொன்று. வாழ்நாளில் உறவுகொண்ட துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளானோர், துணைவர் உடையவராய் இருந்த பெண்களில் 20.4 வீதத்தினர் என 2019 ஆம் ஆண்டு இலங்கையில் நடாத்தப்பட்ட பெண்கள் நலன் பற்றிய மதிப்பீடு காட்டிற்று. ஐந்தில் ஒருவரைத் தொடும் ஒன்றைத் தனிமனிதக் குணக்கேடாக மட்டும் விளக்கிவிட இயலாது. வெளியேறாமைக்குக் காரணமாகப் பொறுமை, பிள்ளைப் பாசம், ஊர்வாய் என்பன கூறப்படுகின்றன. இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றுக்கு அடித்தளமாய் அமைவன இரண்டு: தலைக்கு மேல் ஒரு கூரை, கையிலே சிறிது பணம். இவ்விரண்டையும் புத்தளக் கரையோரத்தின் பொருளியல் வாழ்வோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. இப்சன் 1879 இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் முடிவில், நோரா கணவனின் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகின்றாள். ஐரோப்பாவை அதிர வைத்த அம்முடிவினைப் பற்றி, சீன எழுத்தாளர் லூசுன் 1923 இல் பீக்கிங் மகளிர் ஆசிரியக் கல்லூரியில் உரையாற்றியபோது, வெளியேறிய பின் நோராவுக்கு என்ன நேரும் என வினவினார். கையிற் பணமில்லாத நோராவுக்குச் சீரழிவதையும் திரும்பி வருவதையும் அன்றி வேறு வழி அரிது என்பதே அவர் வாதத்தின் சாரம். நாடகம் முடியும் இடத்திலேதான் நமது ஆய்வு தொடங்க வேண்டியுள்ளது.

1. கூலியும் சேமிப்பும்

குடும்பம் பற்றி 1884 இல் நூல் எழுதிய ஏங்கெல்ஸ், பெண்குலம் முழுவதும் சமூக உற்பத்தியினுள் மீண்டும் நுழைவதே பெண்விடுதலையின் முதல் நிபந்தனை என வாதித்தார். நம்மிற் பலர் இதனை முதலும் முடிவுமான நிபந்தனையாகக் கொண்டுவிடுகின்றோம். புத்தளக் கரையோரம் இக்கருத்தைத் திருத்தி வாசிக்கச் செய்கின்றது. இங்குள்ள உழைக்கும் வர்க்கப் பெண்கள் உற்பத்திக்கு வெளியே இருந்தவரல்லர். கற்பிட்டித் தீபகற்பத்தின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களிலும், உப்பளங்களிலும், கருவாடு காயும் வாடிகளிலும் அவர்களது உழைப்பு உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றோரும் பலர். அவ்வாறிருந்தும் கூலி அவர்களுக்கு விடுதலையைத் தரவில்லை. ஏன்?

கூலி உழைப்புச் சக்தியை நாளுக்கு நாள் உயிரோடு வைத்திருக்கவே போதுமானது. வெளியேறுவதற்கோ ஒரே தடவையிற் கையில் இருக்க வேண்டிய ஒரு தொகை வேண்டும். வாடகை அறைக்கு முற்பணம், பிள்ளைகளோடு பயணச் செலவு, நீதிமன்றுக்குச் செல்லும் நாளில் இழக்கும் கூலி, முதல் மாதத்து அரிசி ஆகியவற்றை அன்றாடக் கூலியினால் ஈடுசெய்தல் அரிது. மேற்குக் கரையின் மீன்பிடியோ பருவத்துக்குக் கட்டுப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களிற் கடல் கொந்தளிக்க, அதனை நம்பிய வாடித் தொழிலும் சுருங்குகின்றது. ஆகவே வெளியேற்றத்துக்கும் ஒரு பருவம் உண்டாகிவிடுகின்றது.

உழைக்கும் பெண்ணின் சேமிப்பு பெரும்பாலும் நகையாகவே உள்ளது. அந்நகையே வலைக்கும் இயந்திரத்துக்கும் அடகுக்குப் போகின்றது. கணவனின் வாழ்வை மீட்க மனைவியின் சிலம்பு முதலாகும் கதை நமது இலக்கியத்திற் போற்றப்படுகின்றது. அச்சிலம்பு அவளது உடைமை என்ற செய்தி ஆராயப்படுவது குறைவு.

நகையின் இடத்தை அண்மைக் காலத்தில் நுண்கடன் பிடித்துக்கொண்டது. 2018 இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமை, அச்சுமையின் அளவைப் புலப்படுத்தும். குழுக்கடனிலே அயற்பெண்களே ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி ஊரை விட்டுப் போனால் அவளது தவணை மற்றவர் தலையில் விழும். ஆதலால், அடிவாங்கும் பெண்ணுக்கு ஆதரவாய் நிற்கக்கூடிய அயலாரே அவள் ஊரில் இருந்தாக வேண்டும் என்பதிற் பொருளியல் அக்கறை உடையோராய் மாற்றப்படுகின்றனர். ஊர்வாய் என நாம் குறைகூறுவதன் பின்னால் இத்தகைய கடன் உறவுகளும் உள்ளன என்பது மனங்கொள்ளத் தக்கது.

2. யார் பெயரில் வீடு?

யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் கீழ் வராத தமிழ்ப் பெண்களின் சொத்துரிமை பொதுச் சட்டத்தினால் ஆளப்படுகின்றது. கணவன் மனைவியரின் பொதுவுடைமை 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டு விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தைத் தனிச்சொத்தாக ஏற்றது. அவளது அவளுக்கு, அவனது அவனுக்கு என்ற இச்சமத்துவம் முற்போக்கானதாகவே தோன்றும். ஆனால் உறுதி யார் பெயரில் எழுதப்பட்டுள்ளதோ அவருக்கே வீடு என்பதும் இதன் மறுபக்கமாகும். இருபது ஆண்டுகள் சமைத்து, பிள்ளை வளர்த்து, மண் சுமந்து எழுப்பிய உழைப்பு உறுதியில் எழுதப்படுவதில்லை. வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடும், கணவனின் அல்லது மாமனாரின் காணியில் நின்றால் அக்காணியோடேயே சேரும். செலவுக்கு நட்டஈடு கோரலாம். வீட்டைக் கோருதல் கடினம்.

அரச காணியின் நிலையும் இதற்கு அயலானதன்று. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கிற்று. ஆயினும் 'குடும்பத் தலைவர்' என்ற நிருவாகக் கருத்துரு ஆணையே குறித்து வந்தது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கிழக்கிலே இது தெளிவாயிற்று. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் அங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவுகின்றது. அவ்வழக்கில் உறவு முறிந்தால் வெளியேற வேண்டியவன் கணவனே. கடற்கோளின் பின்னர்ப் புது வீடுகள் ஆண்களின் பெயரில் வழங்கப்பட்டபோது, பெண்கள் வழிவழி அனுபவித்த பாதுகாப்பு ஒரு படிவத்தினால் பறிபோயிற்று. கூட்டுரிமைக் கோரிக்கை அன்று எளிதில் ஏற்கப்படவில்லை.

புத்தளத்துக்கு இப்படிப்பினை மிக நெருங்கியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் கற்பிட்டி, புத்தளம், முந்தல் முதலிய பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். வீட்டையும் நகையையும் உறுதிகளையும் விட்டு வந்த அவர்கள், நீண்டகாலம் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். 2007 இல் உலக வங்கியின் நிதியுதவியோடு தொடங்கப்பட்ட வீடமைப்புத் திட்டம் அவர்களை நிலைபெறச் செய்ய முனைந்தது. வீட்டு மானியத்துக்குக் காணி உரிமை நிறுவப்பட வேண்டியிருந்தது. இத்தகைய தருணங்களிலேதான் உடைமையுறவு புதிதாய் எழுதப்படுகின்றது. எப்பெயர் எழுதப்படுகின்றதோ, அதுவே பின்னொரு நாளில் யார் வெளியேறுவது என்பதையும் தீர்மானிக்கின்றது.

3. சட்டம் தருவதும் தராததும்

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இன, மத வேறுபாடின்றி அனைவர்க்கும் பொருந்துவது. நீதவான் நீதிமன்று இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணையின் பின் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். துன்புறுத்துபவனைப் பொதுவான இல்லத்தினுள் நுழையாது தடுக்கவும், மனைவியை ஆதரவற்றவளாக்கும் வகையில் மணவீட்டை அவன் விற்பதைத் தடுக்கவும், அவசரப் பண உதவி வழங்கப் பணிக்கவும் மன்றுக்கு அதிகாரமுண்டு. வெளியேற வேண்டியவள் பெண்ணே என்ற வழமையைத் தலைகீழாக்கும் ஏற்பாடு இது. ஆனால் உடைமையை அது மாற்றுவதில்லை. காலத்தையே வாங்கித் தருகின்றது.

ஏனைய சட்டங்களில் நுட்பமான பொறிகள் உள்ளன. 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்திலே பிறன்மனை உறவு, வன்மத்துடனான கைவிடுகை, தீராத ஆண்மையின்மை என்பனவே மணநீக்கக் காரணங்கள், வன்முறை தனிக்காரணமன்று. தாங்க முடியாத நடத்தையினால் மனைவியை வெளியேறச் செய்தவனே கைவிட்டவன் என நிறுவும் பொறுப்பு அவளுக்குரியது. நிறுவத் தவறின் அவளே கைவிட்டவளாவாள். எனவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வைத்தியசாலைப் பதிவும் உணவுக்கு நிகரான சேமிப்பாகும். 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டமோ, இருவரும் பரஸ்பர இணக்கத்துடன் பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை இல்லை என்கின்றது. சமாதானத்தின் பெயரால் நீட்டப்படும் 'இணங்கிப் பிரிகின்றோம்' என்ற கடிதத்திற் கையொப்பமிடும் பெண், தன் உணவுக்கான உரிமையையே இழக்கக் கூடும்.

முஸ்லிம் பெண்ணின் தாபரிப்பும் மணநீக்கமும் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ்க் காதிமாரிடம் செல்வன. அச்சட்டம் காதிப் பதவியை ஆண்களுக்கே உரியதாக்கிற்று. சட்டத்தரணி தோன்றவும் இடமளிக்கவில்லை. மணமகளுக்கென மணமகனிடம் ஒப்படைக்கப்படும் 'கைக்கூலி'க்கு அது தரும் வரைவிலக்கணம் பணத்தையும் அசையும் பொருளையுமே குறிக்கின்றது. வீடும் காணியும் அதில் அடங்கா. மண நீக்கத்தின் பின் மனைவிக்கான தாபரிப்பு இத்தாக் காலத்தோடு நின்றுவிடுகின்றது. இச்சட்டத்தைத் திருத்துமாறு முஸ்லிம் பெண்களே நீண்டகாலம் போராடி வருகின்றனர். 2009 இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 இலேயே தன் அறிக்கையைக் கையளித்தது.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, வெளியேறுதல் துணிவு பற்றிய வினா மாத்திரமன்று என்பது தெளிவு. அடுத்த மாத வாடகையைச் செலுத்த இயலாத துணிவு, திரும்பி வரவே நேரும். உழைப்பிற் பங்குபற்றல் அவசியம், ஆனால் போதுமானதன்று. குடியிருப்புக்கான உரிமையும் சேர்ந்தாலன்றிக் கூலி விடுதலைக்குக் கருவியாகாது. அரச காணியும் வீட்டு மானியமும் கணவன் மனைவி இருவரது பெயரிலும் பதியப்படல், நீதவான்கள் அவசரப் பண உதவிக் கட்டளையைப் பயன்படுத்தல், முதல் மூன்று மாத வாடகைக்கேனும் பிரதேச செயலகங்களில் நிதி இருத்தல் ஆகியன சிறிய கோரிக்கைகளாய்த் தோன்றலாம். உடைமையுறவைத் தொடுவதனாலேயே இவை எதிர்ப்புக்கு உள்ளாகின்றன. தொழிற்சங்கங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இவற்றைக் குடும்ப விவகாரமென ஒதுக்காது, கூலிக் கோரிக்கையோடு சேர்த்து முன்வைத்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.