முடியுமா? தெரியுமா? வரலாமா?

வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். "டைப் அடிக்கத் தெரியுமா?" என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்கிறார்.

"ஐ கேன் ஏபில் டு டைப்" என்று பதில் வருகிறது. அதிகாரி சிரித்துக்கொள்கிறார்.

பிழை எங்கே? 'கேன்' என்றாலே 'முடியும்'. 'ஏபில் டு' என்றாலும் அதே பொருள். இரண்டையும் சேர்த்தால், "என்னால் முடிய முடியும்" என்று ஆகிவிடுகிறது! ஒன்று போதும். "ஐ கேன் டைப்" என்றால் சரி. "ஐ ஆம் ஏபில் டு டைப்" என்றாலும் சரி. முன்னது சுருக்கம். பேச்சுக்கு அதுவே அழகு.

'கேன்' ஒரு பிடிவாதக்காரச் சொல். அவன் என்றாலும், அவள் என்றாலும் மாறாது. "ஷீ சிங்ஸ்" என்பதில் வரும் 'ஸ்' இதனிடம் ஒட்டாது. "ஷீ கேன் சிங்" என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் 'டு' போடுவதும் தவறு.

ஆயிரம் ஆண்டுக்கு முன்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, 'கேன்' என்றால் 'தெரியும்' என்று பொருள். அறிவதைக் குறிக்கும் 'நோ' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

தமிழில் இன்றும் "நீந்தத் தெரியும்" என்றுதானே சொல்கிறார்கள்! கையில் அடிபட்டவர், "நீந்தத் தெரியும். ஆனால் இன்று முடியாது" என்பார். தமிழில் இதற்கு இரண்டு சொல். இங்கிலீஷில் இரண்டுக்கும் 'கேன்' ஒன்றே.

நடந்துபோன காலத்துக்கு 'குட்' வரும். ('நல்லது' என்ற குட் வேறு!) இதை எழுதும்போது நடுவில் 'எல்' என்ற எழுத்து உண்டு. வாயில் வராது. பழைய இங்கிலீஷில் அந்த எழுத்தே இல்லை. 'வுட்', 'ஷுட்' என்ற சொற்களைப் பார்த்து, பிறகு ஒட்டிக்கொண்டது.

தாத்தா வாலிபத்தில் மரம் ஏறுவார். "ஹி குட் கிளைம்ப்" என்று சொல்லலாம். ஆனால், நேற்று அவர் ஓடிப்போய் பஸ்சைப் பிடித்துவிட்டார். இது ஒரு தடவை நடந்து முடிந்த காரியம். இங்கே 'குட்' கூடாது. "ஹி வாஸ் ஏபில் டு கேட்ச் த பஸ்" என்றே சொல்ல வேண்டும். பி.ஏ. படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. பஸ்சை விட்டுவிட்டார் என்றால் 'குட் நாட்' போடலாம், தவறில்லை.

குழந்தை அடுத்த வருஷம் எழுத்துக் கூட்டிப் படிக்கும். 'வில் கேன்' என்று சேர்க்க முடியாது. "வில் பி ஏபில் டு ரீட்" என்று வரும்.

அம்மாவின் கண்ணீர்

"மே ஐ கம் இன், சார்?" என்பது பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். "உள்ளே வரலாமா?" என்று அனுமதி கேட்பது அது. "மழை பெய்யலாம்" என்பதற்கும் அதே 'மே' தான். தமிழில் 'லாம்' செய்யும் இரண்டு வேலையையும் இங்கிலீஷில் 'மே' செய்கிறது. 'மைட்' என்றால் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

வெளியூரில் இருக்கும் மகன், "பொங்கலுக்கு ஐ மே நாட் கம்" என்று எழுதுகிறான். "வரமாட்டானாம்!" என்று அம்மா அழுகிறாள். அழ வேண்டியதே இல்லை. "வராமல் போனாலும் போகலாம்" என்றுதான் எழுதியிருக்கிறான். "ஐ கேனாட் கம்" என்றிருந்தால்தான், வர முடியாது என்று பொருள். சட்டதிட்டங்களில் மட்டும், "யூ மே நாட்" என்றால் "கூடாது" என்ற தடை.

சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளின் அட்டையில், "மே காஸ் டிரவுசினஸ்" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். "தூக்க மயக்கம் வரலாம்" என்று அர்த்தம். எல்லோருக்கும் வரும் என்பதல்ல. வராது என்பதும் அல்ல. லாரி ஓட்டப் போகிறவர், அதை விழுங்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.