பழைய டீசல் வண்டிக்குத் தண்ணீரே எதிரி, பில்லே காவல்

வெள்ளாமை வெட்டு முடியும் காலத்தில் அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தார் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். மறுபாதியில் பதரும் தூசியும் கிளப்பிக்கொண்டு வேன்கள் ஓடும். அந்திக்கு அதே வேன் வாய்க்காலில் சக்கரம் மூழ்க நிற்கும், பொடியன்மார் வாளியால் அள்ளி ஊற்றுவார்கள். செலவில்லாத வோஷ்தான். ஆனால் பழைய டீசல் வண்டியைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஓடி வந்த சூட்டோடு பின் அச்சைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சில வாரம் கழித்து டிஃபரன்ஷியல் ஒயிலைத் திறந்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் வடியும். பெயரிங் அதற்கு முன்பே அரிபடத் தொடங்கியிருக்கும். வாய்க்காலில் மிதக்கும் ஒயில் படலம் யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்பதையும் நாம் யோசிப்பதில்லை. சேர்விஸ் ஸ்டேஷன் நடத்துவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கேட்பதே இதற்காகத்தான்.

நமது வண்டிகள் வயதானவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்ததையே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டோம். அதற்குள் 2022 வந்தது. டீசலுக்கு வரிசை, கான்களில் சேமிப்பு, கிடைத்ததை ஊற்றிய ஓட்டம். அந்த ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்; ஒரே அடியில் அது 340 ஆனது. அதுவரை டீசலில் மண்ணெண்ணெய்க் கலப்படம் ஏன் லாபமாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். டீசல் பம்பும் இன்ஜெக்டரும் உராயாமல் ஓடுவது டீசலின் வழுவழுப்பால்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு. டொல்பின் வேனின் பழைய பம்ப் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேடிஎச் போன்ற கொமன் ரெயில் வண்டிகள் பொறுக்காது. ஆகவே வாங்கும்போது மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். அதைச் சுற்றிவிடுவது இலகு. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். விடாத கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடருமென்றால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

வாங்கியபின் முதல் வேலை டீசல் பில்டர். அதன் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும், பல வண்டிகளில் மேலே கைப்பம்பும் இருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலைக் கீழே பிடித்து, திருகைத் தளர்த்தி, பம்பை நாலைந்து தரம் அமுக்குங்கள். போத்தலைக் கொஞ்சம் ஆறவிட்டால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கிவிடும். சுத்தமான டீசல் வரும்வரை எடுத்துவிட்டு இறுக்குங்கள். டாங்கியை எப்போதும் ஏறக்குறையக் காலியாக வைத்து ஓடுகிறவர்களுக்கும், கானில் வாங்கி ஊற்றுகிறவர்களுக்கும் இது அடிக்கடி தேவைப்படும்.

காற்று பில்டரை வெட்டு காலத்தில் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். உள்ளே பதர் அடைந்திருக்கும், சிலவேளை எலி கூடு கட்டியிருக்கும். எஞ்சின் ஒயிலும் ஒயில் பில்டரும் ஒன்றாகவே மாறவேண்டும். பழைய டொயோட்டா வேன்களில் 100,000 கிலோமீற்றரில் டைமிங் பெல்ட் விளக்கு எரியும். விளக்கை மட்டும் அணைத்து விற்கிறவர்களும் உண்டு. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

எஞ்சின் வோஷ் என்று உயரழுத்தத் தண்ணீரை ஓல்டனேட்டர் மீதும் வயர் மூட்டுகள் மீதும் அடிக்க விடாதீர்கள். தூரிகையும் துணியும் போதும். மாரியில் சாகாமத்து வயல் வீதிகளில் வெள்ளம் பாயும்போது இறங்கி, எஞ்சின் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி சாவியைத் திருப்பவேண்டாம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கொன்ரொட் வளையும். காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே கேட்டுவையுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு சதமும் தராது.

வீட்டில் கைவைப்பவர்களுக்கு: ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். கொமன் ரெயில் குழாயில் கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள். 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் டீசலைத் தோலுக்குள் ஏற்றிவிடும். சிறு துளைதானே என்று இருந்தால் விரலே போகலாம், உடனே ஆஸ்பத்திரி. கதவடைத்த கராஜில் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது.

புகைப் பரிசோதனை தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதால், அன்றைக்கு மட்டும் பம்பைக் குறைத்துத் திருகிவிட்டு மறுநாள் கூட்டுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்தக் காசுக்கு இன்ஜெக்டரைப் பரிசோதித்திருந்தால் டீசலும் மிஞ்சும்.

இனி உங்கள் உரிமை. “பாஸ், கழட்டின பழைய பில்டரைத் தாங்க, பில்லும் ஒன்டு போடுங்க” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவே வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கராஜ்காரர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார் என்ற உத்தரவாதம் எழுதாமலே ஒப்பந்தத்தில் இருக்கிறது. பொய் சொல்லி விற்கும் வாகன வியாபாரிக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். வியாபாரி அல்லாத தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கினால் இந்த வழி இல்லை, மத்தியஸ்த சபையைப் பார்க்கலாம். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், வேலை நடந்து அல்லது பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். பில்லின் பிரதியை இணையுங்கள், கெட்ட பாகத்தை எறிந்துவிடாதீர்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. வாங்குபவர் பெயர் நிரப்பாத திறந்த படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கைமாறியதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கும்வரை அந்த வண்டி எங்கே யாரை இடித்தாலும் பொலிஸ் முதலில் தேடுவது பதிவில் உள்ள உங்கள் பெயரைத்தான்.