பழைய புல்லட் வாங்கப் போகிறீர்களா?

“டப்... டப்...” என்று தெருமுனையில் சத்தம் கேட்டால், “புல்லட் வருது!” என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். 1955-ம் ஆண்டு தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் தயாரித்த வண்டி இது. பழைய புல்லட்டுக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

ஆனால், பளபளப்பைப் பார்த்துப் பணத்தை நீட்டி விடாதீர்கள்!

முதலில் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் உள்ள என்ஜின் நம்பரும், சேசிஸ் நம்பரும் வண்டியில் அப்படியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால், பதிவு புதுப்பிக்கப்பட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உஷார்! சூடான என்ஜின் சுலபமாகக் கிளம்பும். ஆறிய பிறகு கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, செலவு இழுக்கும்.

கிக்கரை அவசரப்பட்டு உதைக்காதீர்கள். திருப்பி அடிக்கும்! சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதியுங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும், இடது கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு சற்றே இறக்குங்கள். பிறகு அதை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி!

முக்கியமான விஷயம்: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதித்து விடுவார்கள். மைதானத்தில் நன்றாகப் பழகுங்கள். மனைவி, மக்களை ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.