ஈசலும் தேனடையும்

பூச்சியை உண்பது பஞ்சத்தில் வேறு வழியற்றோர் கண்ட பிழைப்பு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். தமிழரின் பழைய உணவு வழக்கம் அவ்வெண்ணத்தை மறுக்கிறது. பாரியை இழந்த பறம்பு நாட்டை நினைந்து பாடும் கபிலர், செம்புற்றில் எழுந்த ஈசலை மோரிலிட்டுச் சமைத்த புளிங்கறியையும் தினை விளைச்சலையும் ஒருசேரப் புறநானூற்றில் பாடுகிறார். மழை பெய்து, காடு பூத்து, நிலம் விளைந்த காலத்து உணவாகவே ஈசல் அங்கே இடம்பெறுகிறது. ஈசலும் தேனடையும் நமக்கு உணவானது எதனால் என்று உயிரியல் வழி நின்று ஆராய்ந்தால், இரண்டுக்கும் பொதுவான விடை ஒன்று கிடைக்கிறது. தம் இனத்தின் அடுத்த தலைமுறையை வளர்ப்பதற்கென இச்சிற்றுயிர்கள் சேர்த்து வைத்த ஊட்டத்தையே நாம் உண்கிறோம். எனவே எடுப்பதில் அளவு வேண்டும்.

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். நம் நாட்டில் புற்றெழுப்பும் கறையான்களுள் பல, புற்றினுள்ளே பூஞ்சைத் தோட்டம் வளர்ப்பவை. வேலைக்காரக் கறையான்கள் சருகையும் பட்ட மரத்தையும் மென்று கொணர்ந்து பாத்தி அமைக்க, அதில் வளரும் பூஞ்சை மரத்தின் வலிய நாரைச் சிதைத்து உணவாக்கித் தருகிறது. மனிதக் குடல் செரிக்க இயலாத மரக்கட்டை இக்கூட்டுழைப்பால் புரதமும் கொழுப்புமாக மாறுகிறது. மழைக்குப்பின் அதே பூஞ்சை மண்ணுக்கு மேலே குடை விரிக்கும்போது, புற்றுக்காளான் என்று அதையும் பறித்து உண்கிறோம்.

முதிர்ந்த புற்றில் ஆண்டுதோறும் ஆணும் பெண்ணுமாய் ஈசல்கள் உருவாகி மழையை எதிர்பார்த்திருக்கும். மழை மண்ணை இளக்கிக் காற்றில் ஈரத்தை நிறைத்ததும், வட்டாரத்தின் பல புற்றுகளிலிருந்து ஏறத்தாழ ஒரே வேளையில் அவை வெளியேறும். வேற்றுப் புற்றின் இணையைச் சேர்வதற்கு இது வழி. பறவையும் பல்லியும் தவளையும் தின்றது போகச் சில மிஞ்சுவதற்கும் இதுவே வழி. சிறிது தொலைவு பறந்ததும் சிறகை உதிர்த்து, இணையோடு மண்ணுக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும் ஈசல், முதல் குஞ்சுகள் வளர்ந்து வேலைக்கு வரும்வரை வெளியே இரை தேடுவதில்லை. உடலில் தேக்கிய கொழுப்பையும், இனிப் பயன்படாத பறப்புத் தசையையும் கரைத்தே தானும் வாழ்ந்து குஞ்சுகளையும் வளர்க்கிறது. வேலைக்காரக் கறையானில் காணாத கொழுப்பு ஈசலில் திரண்டிருப்பது இதனால்தான். பல இனங்களில், உலர்ந்த ஈசலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பும், ஏறத்தாழ அதே அளவு புரதமும் உள்ளன. இரும்பும் துத்தநாகமும் உடன் உண்டு.

ஈசல் பிடிப்போர் புற்றருகே குழி தோண்டி விளக்கேற்றி வைப்பர். ஒளியை நாடி வருபவை குழியில் விழும். வெறும் மண்சட்டியில் இட்டு இளந்தீயில் வறுத்தால் ஈரம் வற்றிச் சிறகு உதிரும். முறத்தில் இட்டுப் புடைக்கையில் சிறகுகள் காற்றோடு போக, பழுப்பேறிய உடல்கள் மட்டும் தங்கும். எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. ஈசலின் கொழுப்பே உருகிச் சட்டியில் மினுமினுக்கும். வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் உப்பும் காரமும் சேர்த்து உண்பர். காயவைத்துச் சேமித்தும் கொள்வர். புற்றை இடிப்பதில்லை. அரசியும் வேலைக்காரரும் உள்ளே நலமாய் இருப்பதால், அடுத்த ஆண்டு மழைக்கும் அங்கே ஈசல் உண்டு.

தேனடையிலும் இதே நெறி விளங்குகிறது. மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பின் அடியிலும் ஒற்றை அடையாகக் கட்டுகிறது. அதன் அகலம் ஒரு மீட்டரை எட்டுவதும் உண்டு. அடையின் தடித்த மேற்பகுதியில் தேன், அதையடுத்து மகரந்தம், கீழே பரந்த பகுதியில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும். நீலகிரி மலைகளில் குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் புகையிட்டு ஈக்களை விலக்கி, கொடியால் முறுக்கிய ஏணியில் இறங்கித் தேன் எடுக்கும் திறம் பெற்றவர்கள். தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்து, குஞ்சுகள் உள்ள பகுதியை விட்டுவிட்டால் கூட்டம் பிழைக்கும். அடை முழுவதையும் அறுத்து வீழ்த்தினால் ஒரு தலைமுறையே அழியும்.

மலரின் தேறலில் பெரும்பங்கு நீர். தேனீக்கள் அதை வாயிலெடுத்துப் பக்குவம் செய்து, சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கின்றன. நன்கு முதிர்ந்த தேனில் நீர் 20 விழுக்காட்டுக்குள் அடங்கும். அவ்வளவு செறிந்த சர்க்கரைக் கரைசலில் நுண்ணுயிர்கள் பெருக இயலா. தேனீ சேர்க்கும் நொதியொன்று குளுக்கோசை ஆக்சிஜனேற்றம் செய்து, தேனுக்குப் புளிப்பையும் கிருமியெதிர்ப்பையும் தருகிறது. மலைத்தேனில் நீர் சற்று மிகுதியாக இருப்பதால், மூடப்படாத அறைகளின் தேன் விரைவில் நுரைத்துப் புளிக்கும். தேன் ஆற்றல் தரும் உணவு. புரதம் அதில் மிகக் குறைவு. அக்குறையை நிறைப்பவை மகரந்தமும் புழுவும். தேனெடுக்கும் மக்கள் உலகின் பல பகுதிகளில் புழு நிறைந்த அடையையும் உண்பது இதனால் பொருளுடையது.

பழமை என்பதால் எல்லாம் தீங்கற்றவை ஆகிவிடா. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தேனைத் தொட்டு வைப்பது இன்றும் சில இல்லங்களில் உண்டு. தேனில் உறங்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இறாலும் நண்டும் ஒவ்வாதவர்க்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம். இவ்வுயிர்களின் தசைப் புரதங்கள் நெருங்கிய உறவுடையவை. மருந்து தெளித்த வயலோரத்து ஈசலை உண்பது நஞ்சை உண்பதற்கு ஒப்பாகும்.

உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்களின் வழக்கமான உணவில் பூச்சிகள் உண்டென்றும், உண்ணத்தக்க இனங்கள் 1,900-க்கு மேற்பட்டவை என்றும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் எடுத்துரைத்தது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையல் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. இழிவென்று ஒதுக்கப்பட்ட பழங்குடி உணவுக்கு அரசு முத்திரை கிடைத்தது நல்ல தொடக்கம். ஈசலுக்கும் தேனடைக்கும் நாம் செய்ய வேண்டியது இன்னும் எளியது. நிலத்தைச் சமன்செய்யும் வேகத்தில் புற்றுகளைத் தரைமட்டமாக்குவதையும், அவற்றில் நஞ்சு ஊற்றுவதையும் குறைக்க வேண்டும். எதை, எப்போது, எவ்வளவு எடுப்பது என்று அறிந்த மலைமக்களின் அறிவை அவர்கள் வாயிலாகவே பதிவு செய்து, பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும். உணவை உண்ணும் பழக்கம் மறைந்தால் பின்னர் மீட்டுக்கொள்ளலாம். அளவறிந்து எடுக்கும் அறிவு மறைந்தால் மீட்பது அரிது.